இதயச் சுவரில் இல்லாத ஓட்டை

“பிள்ளைக்கு ஹார்ட்டுல ஓட்டையாம்” என்று யாராவது சொன்னால் நமக்கு வயிற்றைக் கலக்கும். அது ஒரு குறை, டாக்டர் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது என்று இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் சுமார் 1400 வருஷம், உலகத்தின் பெரிய மருத்துவர்கள் இதை நேர் எதிராக நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமான ஒவ்வொரு மனுஷனுக்கும் இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கு, அது வழியாக ரத்தம் கசிவதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம் என்று.

ரத்த ஓட்டம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். நாம் பள்ளியில் படித்தது ஒரே வரி: வில்லியம் ஹார்வி, 1628. அந்த வரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், கதையின் பெரும்பகுதி ஒரு சுவரைச் சுற்றியே நடக்குது. அந்தச் சுவரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சுவர் எங்கே இருக்கு?

இதயம் ஒரு கைமுட்டி அளவுதான். உள்ளே நாலு அறை. மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் கெட்டியான தசைச் சுவர் ஒன்று நிற்கிறது. அதுதான் நம் கதாநாயகன்.

உடம்பு முழுக்கச் சுற்றிக் களைத்து வந்த ரத்தம் வலது பக்கம் சேர்கிறது. வலது கீழறை அதை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இடது பக்கம் திரும்புகிறது. இடது கீழறை அதை மகாதமனி வழியாக உடம்பு முழுக்க அனுப்புகிறது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் கிட்டத்தட்ட 5 லிட்டர். நம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு ஒரு சுற்று முடிந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது: வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குப் போக ரத்தத்துக்கு ஒரே வழி நுரையீரல்தான். சுவரைத் தாண்டிக் குறுக்கு வழி கிடையாது. இந்த ஒரு விஷயம் புரியத்தான் இத்தனை நூற்றாண்டு ஆயிற்று.

கேலன் லேசுப்பட்ட ஆள் இல்லை

சுவரில் ஓட்டை இருக்குன்னு சொன்னவர் கேலன். கி.பி. 129-ல் பெர்கமோனில் (இன்றைய துருக்கி) பிறந்த கிரேக்க மருத்துவர். கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், பிறகு ரோமில் பேரரசர்களுக்கே பார்த்தார். பின்னால் வந்தவர்கள் அவரை ஏதோ மூடநம்பிக்கைக்காரர் மாதிரி எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். அவருக்கு முன்னால் தமனிகளில் ஓடுவது காற்று என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கேலன் உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் வெட்டிக் காட்டினார். உள்ளே ரத்தம்தான் இருந்தது. இது சோதனை செய்து பார்க்கிற மனுஷன் செய்கிற வேலை.

அவருக்கு இருந்த சிக்கல் வேறு. மனித உடலை அறுத்துப் பார்க்க அன்று வழியில்லை. குரங்கு, பன்றி, மாடு இவற்றை வைத்துத்தான் பார்த்தார். அவர் கட்டிய சித்திரம் இப்படி: நாம் சாப்பிடும் சாப்பாடு கல்லீரலில் ரத்தமாக மாறுகிறது. அந்த ரத்தம் சிரைகள் வழியாக உடம்புக்குப் போய் அங்கேயே செலவழிந்துவிடுகிறது, வயலுக்குப் பாயும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி. திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை. அதில் ஒரு பங்கு இதயத்தின் வலது பக்கம் வருகிறது. அங்கிருந்து கொஞ்சம் சுவர் வழியாகக் கசிந்து இடது பக்கம் போய், நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கலந்து உயிர்ச்சக்தி ஏறிய ரத்தமாகித் தமனிகளில் போகிறது.

ஓட்டைக்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது. சுவரின் பரப்பில் குழி குழியாக இருக்கும். மேலே அகலமாக ஆரம்பித்து உள்ளே போகப் போகக் குறுகும். அந்தக் குழியின் முனை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகி மறுபக்கம் திறக்குது என்று நினைத்தார். அதோடு, வலது பக்கத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரை, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயைவிடப் பெரியது. உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு என்றால் மிச்சம் எங்கே போச்சு? சுவர் வழியாகத்தான் போயிருக்கணும். நியாயமான கேள்விதானே!

இங்கேதான் விஷயம் இருக்கு. அந்த ஓட்டைகளை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு வேலை இருந்தது. ஓட்டை இல்லைன்னு சொன்னால், இடது பக்கத்துக்கு ரத்தம் எப்படி வருதுன்னு வேற பதில் சொல்லணும். வேற பதில் இல்லாத வரைக்கும் ஓட்டையை எடுக்க முடியாது. எடுத்தால் கல்லீரல், சிரை, தமனி, உயிர்ச்சக்தி என்று மொத்தக் கட்டடமும் சரிந்துவிடும்.

கெய்ரோவில் ஒரு உரைநூல்

வேற பதிலை முதலில் எழுதி வைத்தவர், நமக்குத் தெரிந்தவரை, இப்னு நஃபீஸ். 1213-ல் டமாஸ்கஸ் பக்கம் பிறந்து, கெய்ரோவில் வைத்தியம் பார்த்து, 1288-ல் அங்கேயே இறந்தவர். இப்னு சீனாவின் கானூன் என்ற பெரிய மருத்துவ நூலில் உடற்கூறு பற்றிய பகுதிக்கு 1242-ல் உரை எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை.

மூலநூல் சொல்வதை விளக்குவது உரைகாரரின் வேலை. அவரோ நடுவில் நிறுத்தி மறுக்கிறார். அந்தச் சுவர் கெட்டியானது, கண்ணுக்குத் தெரிகிற வழியும் இல்லை, தெரியாத வழியும் இல்லை. ஆகவே ரத்தம் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போய், அங்கே பரவி, காற்றோடு கலந்து, அதன் பிறகு இடது பக்கம் வர வேண்டும் என்கிறார். நுரையீரலில் போகிற குழாய்க்கும் வருகிற குழாய்க்கும் இடையே நுண்ணிய இணைப்பு இருக்கணும் என்பதையும் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும், மார்க்கச் சட்டமும் மனசில் இருந்த இரக்கமும் அறுத்துப் பார்ப்பதிலிருந்து தன்னைத் தடுத்ததாக அதே நூலில் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் யோசித்தே இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்.

இந்த நூல் பிறகு மறந்தே போனது. 1924-ல் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி, பெர்லினில் இருந்த ஒரு கையெழுத்துப் பிரதியைப் படித்து ஆய்வேடு எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

“அப்போ ஹார்வி காப்பி அடிச்சாரா?” என்று உடனே கேட்கத் தோன்றும். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. அவருக்கு முந்தைய ஐரோப்பியர்களுக்கு லத்தீன் மொழிபெயர்ப்பு வழியாக இது எட்டியிருக்குமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் ‘யார் முதல்’ என்ற கேள்வியைவிட ‘யார் எவ்வளவு தூரம் போனார்’ என்ற கேள்வி பயனுள்ளது. இப்னு நஃபீஸ் சுவரை அடைத்தார், நுரையீரல் வழியைத் திறந்தார். ஆனால் ரத்தம் உடம்பில் செலவழிந்துபோகிறது என்ற கேலனின் மீதிச் சித்திரத்தை அவர் தொடவில்லை. பாதி வட்டம்தான் வரைந்தார். அந்தப் பாதியே பெரிய காரியம்.

கண்ணால் பார்த்தும்

அடுத்த காட்சி இத்தாலியில், பாதுவா பல்கலைக்கழகம். இங்கே மனித உடல்களை அறுத்துப் பார்க்க முடிந்தது. பிரஸ்ஸல்ஸில் பிறந்த வெசாலியஸ் இங்கேதான் பாடம் நடத்தினார். 1543-ல் வந்த அவருடைய உடற்கூறு நூல் கேலனின் பல தப்புகளைப் போட்டு உடைத்தது. ஆனால் இந்தச் சுவரிடம் வந்ததும் தயங்குகிறார். குழிகள் எதுவும் மறுபக்கம் போகிற மாதிரி தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தத்தைக் கசிய வைத்த படைப்பாளியின் திறமையை என்னவென்று சொல்வது என்கிற தொனியில் எழுதிவிட்டு நகர்கிறார். 1555-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்கிறார்: ஒரு சொட்டாவது எப்படிப் போகும்னு எனக்குப் புரியலை, என்று. அப்போதும் வேற வழி காட்டவில்லை.

வழி காட்டியவர்களில் ஒருவர் மிகேல் செர்வீட்டஸ், ஸ்பானிய மருத்துவர். 1553-ல் அவர் எழுதியது மருத்துவ நூல் இல்லை, இறையியல் நூல். கடவுளின் மூச்சு மனிதனின் ரத்தத்தில் எப்படிக் கலக்கிறது என்று விளக்கப்போய், ரத்தம் சுவர் வழியாகப் போகவில்லை, நுரையீரல் வழியாகத்தான் போகிறது என்று எழுதினார். அந்தப் புத்தகத்தில் இருந்த மதக் கருத்துக்காக அதே வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். புத்தகத்தையும் எரித்தார்கள். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது மூன்றே பிரதிகள். ரத்த ஓட்டத்துக்காக அவரை எரித்தார்கள் என்று சில இடங்களில் எழுதுவார்கள், அது சரியில்லை. ஆனால் அந்தப் பக்கங்களும் சேர்ந்துதான் எரிந்தன.

1559-ல் பாதுவாவில் வெசாலியஸின் இடத்துக்கு வந்த ரியால்டோ கொலம்போவின் நூல் வெளியானது. உயிருள்ள விலங்குகளை அறுத்துப் பார்த்தவர் அவர். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் குழாயில் காற்று இல்லை, நிறைய ரத்தம்தான் இருக்கு என்று காட்டினார். இப்போது நுரையீரல் வழிக்குக் கண்ணால் பார்த்த சாட்சியும் வந்தாயிற்று. ஆனாலும் பெரும்பாலான வகுப்பறைகளில் ஓட்டைகள் அப்படியே இருந்தன.

ஹார்வியின் கணக்கு

வில்லியம் ஹார்வி 1578-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் பிறந்தார். 1602-ல் பாதுவாவில் பட்டம் வாங்கினார். அவருடைய ஆசிரியர் ஃபாப்ரீசியஸ், சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருப்பதை மாணவர்களுக்குக் காட்டியவர். ரத்தம் வேகமாகக் கை கால்களுக்கு இறங்கித் தேங்காமல் இருக்கத்தான் அவை என்று விளக்கம் சொன்னார். ஆனால் அவை எல்லாம் இதயத்தை நோக்கித் திறக்கின்றனவே என்பதை ஹார்வி மனசில் வைத்துக்கொண்டார்.

இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு முன்கையில் சிரை புடைக்கட்டும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை முழங்கை நோக்கித் தள்ளுங்கள். தள்ளிய விரலை எடுத்தாலும் நடுப்பகுதி காலியாகவே நிற்கும், மேலிருந்து ரத்தம் இறங்காது. கீழ் விரலை எடுங்கள், உடனே நிரம்பும். சிரையில் ரத்தம் ஒரே திசையில்தான் போகும். ஹார்வி தன் நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனை இது.

1628-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சான அந்த நூல் 72 பக்கம்தான். அதன் மையம் ஒரு எளிய கணக்கு. ஒரு துடிப்புக்கு இதயம் அரை அவுன்ஸ் ரத்தம்தான் தள்ளுதுன்னு வைப்போம். அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்புன்னு வைப்போம். இரண்டுமே வேண்டுமென்றே குறைத்து வைத்த எண்கள். அப்படியே வைத்தாலும் அரை மணியில் 500 அவுன்ஸ், ஏறத்தாழ 14 கிலோ. அவ்வளவு ரத்தம் உடம்பிலேயே கிடையாது. அவ்வளவு ரத்தம் செய்யுமளவுக்கு யாரும் சாப்பிடுவதும் இல்லை. அப்படின்னா போன ரத்தமேதான் திரும்பித் திரும்பி வரணும். வட்டமாகச் சுற்றணும்.

கேலனின் வாய்க்கால் இந்தக் கணக்கில்தான் உடைந்தது. சுவரைப் பற்றியும் ஹார்வி ஒரு அழகான கேள்வி கேட்டார். கருவில் இருக்கும் குழந்தைக்கு மேலறைகளுக்கு நடுவில் நிஜமாகவே ஒரு திறப்பு உண்டு. கேலனுக்கே தெரிந்த விஷயம் இது. பிள்ளை மூச்சு விடுவதில்லை என்பதால் ரத்தம் அது வழியாக இடது பக்கம் போகிறது. திசு எல்லாம் மிருதுவாக இருக்கும் அந்த வயதிலேயே தனியாக ஒரு வாசல் தேவைப்படும்போது, வளர்ந்தவனின் கெட்டிச் சுவரில் ரத்தம் சுலபமாகக் கசியுமா?

அப்போதும் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பாரிஸில் ரியோலான் போன்றவர்கள் எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். 1651-ல், எழுபது வயதைத் தாண்டிய ஹார்வி, ஹாம்பர்க் மருத்துவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சோதனையை விவரிக்கிறார். தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடல். நுரையீரலுக்குப் போகும் வரும் குழாய்களைக் கட்டிவிட்டு, இடது கீழறையைத் திறந்து வைத்தார். வலது பக்கம் ஒரு குழாயைச் செருகி, அதில் மாட்டின் சிறுநீர்ப்பையைக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை அழுத்திச் செலுத்தினார். வலது கீழறை உப்பியது. இடது பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. பிறகு கட்டுகளை அவிழ்த்து நுரையீரல் வழியாகத் தண்ணீர் விட்டார். இடது பக்கம் ரத்தமும் தண்ணீருமாகக் கொட்டியது.

இதற்கு வேண்டியது ஒரு குழாய், ஒரு பை, கொஞ்சம் கயிறு, வெந்நீர். கேலன் காலத்திலேயே ஒரு மாட்டு இதயத்தில் செய்திருக்கலாம். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஹார்வி விட்ட ஓட்டை

ஆனால் ஹார்விக்கும் ஒரு சங்கடம் இருந்தது. தமனியில் போன ரத்தம் சிரைக்கு எப்படி மாறுது? அந்த இணைப்பை அவர் பார்க்கவே இல்லை. திசுக்களில் இருக்கும் நுண்ணிய வழிகள் மூலம் போகுது என்றுதான் சொல்ல முடிந்தது. கேலனின் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை அடைத்தவர், பதிலுக்குக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைக் கேட்டார்! எதிராளிகள் இதைச் சும்மா விடவில்லை.

இரண்டும் ஒன்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேலனின் ஓட்டையில் ரத்தம் எவ்வளவு போகுது, எங்கே தேடினால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் என்ன என்பதற்குக் கணக்கு இல்லை. ஹார்வியின் வழிகள் இருந்தே ஆகணும் என்று அந்த 500 அவுன்ஸ் சொன்னது. எங்கே தேடணும் என்பதும் தெரிந்திருந்தது. நல்ல கண் மட்டும்தான் தேவை. ஹார்வி 1657-ல் இறந்தார். நாலு வருஷம் கழித்து, 1661-ல், இத்தாலியின் மார்செல்லோ மால்பிஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டதாக எழுதினார். வட்டம் மூடியது.

ஓட்டை நிஜமாகவே இருந்தால்

சிலருக்குப் பிறவியிலேயே அந்தச் சுவரில் ஓட்டை இருக்கும். அப்போது என்ன ஆகும்? இடது கீழறையின் அழுத்தம் சுமார் 120, வலதில் சுமார் 25. ஆகவே ரத்தம் இடமிருந்து வலமாகப் பாயும். கேலன் சொன்னதற்கு நேர் எதிர்த்திசை! சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை என்றால் நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் போய், குழந்தை பால் குடிக்கவே மூச்சு வாங்கும். கவனிக்காமல் வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் குழாய்கள் இறுகி, வலது பக்க அழுத்தம் ஏறி, கடைசியில் ரத்தம் வலமிருந்து இடமாகத் திரும்பும். கேலன் சொன்ன திசை அதுதான். அப்போது உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். அந்தக் கட்டத்தில் ஓட்டையை அடைப்பதும் ஆபத்து.

ஓட்டையை அடைக்க இதயத்தைத் திறக்கணும். திறந்தால் ரத்த ஓட்டம் நிற்கும். 1954 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் வால்டன் லில்லஹையும் குழுவினரும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒரு மேஜையில், அப்பா பக்கத்து மேஜையில். குழந்தையின் ரத்தம் அப்பாவின் தொடைச் சிரைக்குப் போய், அவர் இதயத்திலும் நுரையீரலிலும் சுற்றி, தொடைத் தமனியிலிருந்து ஒரு பம்ப் வழியாகக் குழந்தைக்குத் திரும்பியது. ஹார்வி வரைந்த வட்டத்தை ஒரு அப்பாவின் உடம்பு வழியாக நீட்டிவிட்டார்கள். சுவரைத் தைத்து மூடினார்கள். ஆபரேஷன் முடிந்தது, ஆனால் 11 நாள் கழித்து அந்தக் குழந்தை நிமோனியாவில் இறந்துபோனது.

ஒரே ஆபரேஷனில் இரண்டு உயிரும் போகலாமே என்று அன்றே கண்டித்தார்கள். ஆனாலும் அடுத்தடுத்த பெற்றோர் முன்வந்தார்கள். 1955 வரை 45 பேருக்கு இப்படிச் செய்தார்கள். 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். ரத்தம் கொடுத்தவர்களில் யாரும் சாகவில்லை. பிறகு இயந்திரம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

இன்றைக்கு மேலறைகளுக்கு நடுவே இருக்கும் அந்தக் கருக்காலத் திறப்பு முழுதாக மூடியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் (ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை, பெரும்பாலும் தொந்தரவும் இல்லை) ஒரு எளிய சோதனை செய்கிறார்கள். ஊசிக் குழலில் உப்புநீரை நுரை வரக் குலுக்கிக் கைச் சிரையில் ஏற்றி, எக்கோவில் இதயத்தைப் பார்ப்பார்கள். குமிழிகள் வலது பக்கம் வந்து நிறையும். இடது பக்கம் உடனே எட்டிப் பார்க்கிறதா என்று இரண்டு மூன்று துடிப்புவரை காத்திருப்பார்கள். 1651-ல் ஹார்வி வெந்நீரை விட்டுவிட்டு இடது பக்கம் சொட்டுகிறதா என்று பார்த்தாரே, அதே சோதனைதான்.